லெமுவல் ஷா: மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெமுவல் ஷா 1830 முதல் 1860 வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் அவர் தீர்ப்புகள் இன்னும் பாடமாக இருக்கின்றன. அவரைப் படிக்க உட்காருகிறவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். சில பதில்கள் நீளும். அவை அப்படி நீண்டால்தான் சரியாக இருக்கும்.

அவர் வெறும் மாநில நீதிபதிதானே, அவருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

அந்தக் காலத்து அமெரிக்காவில் அன்றாட வாழ்க்கையைத் தொடும் சட்டமெல்லாம் மாநில நீதிமன்றங்களின் கையில்தான் இருந்தது. கடன், கொலை, வேலி, விபத்து, கூலி என்று எதுவானாலும் வாஷிங்டனுக்குப் போகவேண்டியதில்லை. ஷா பதவிக்கு வந்த அதே சமயத்தில்தான் மாசசூசெட்ஸில் ரயில்பாதைகள் போடத் தொடங்கினார்கள். லோவெல் நகரில் நூற்பாலைகள் வந்துகொண்டிருந்தன. இன்ஜின் தடம் புரண்டால் யார் பொறுப்பு, தொழிலாளர்கள் கூட்டாகக் கூலி கேட்டால் அது குற்றமா என்பதற்கெல்லாம் பழைய ஆங்கிலேயச் சட்ட நூல்களில் நேரான விடை கிடையாது. எனவே நீதிபதி தீர்ப்பு வழியாகத்தான் சட்டத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. ஷா முப்பதாண்டுகளில் ஏறத்தாழ 2,200 தீர்ப்புகளை எழுதினார். மற்ற மாநிலங்கள் அவற்றை எடுத்தாண்டன.

அவருடைய பின்னணி என்ன?

1781 ஜனவரி 9 அன்று கேப் காட் தீபகற்பத்திலுள்ள மேற்கு பார்ன்ஸ்டபிளில் பிறந்தார். தந்தை ஓக்ஸ் ஷா அந்த ஊர்த் தேவாலயத்தின் போதகர். வீட்டில் வசதி குறைவு, புத்தகம் நிறைய. ஹார்வர்டில் 1800-ல் பட்டம் பெற்றார். சிறிது காலம் பாஸ்டனில் பள்ளி உதவி ஆசிரியராக இருந்தார், பத்திரிகைக்கு எழுதினார். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் சட்டம் பயின்று 1804-ல் தொழிலுக்கு வந்தார். சட்டமன்றத்தில் பல முறை உறுப்பினராக இருந்தார். 1822-ல் பாஸ்டன் நகராட்சியானபோது அதன் சாசனத்தை எழுதியவரும் இவர்தான்.

தலைமை நீதிபதி பதவியை விரும்பி ஏற்றாரா?

இல்லை. 1830-ல் ஐசக் பார்க்கர் இறந்ததும் ஆளுநர் லீவை லிங்கன் அவருக்குப் பதில் ஷாவை நியமிக்க விரும்பினார். ஷாவுக்கு அப்போது வக்கீல் தொழிலில் ஆண்டுக்கு 15,000 டாலருக்கு மேல் வருமானம். நீதிபதியின் சம்பளமோ 3,500 டாலர். அந்த மாநிலத்து செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் நேரில் வந்து வற்புறுத்திய பிறகே இசைந்தார். பதவிக்கு வரும்போது வயது 49.

ஆள் பார்வைக்கு எப்படி இருப்பார்?

கனத்த உடல், பெரிய தலை, கலைந்த முடி, நீதிமன்றத்தில் உறுமும் குரல். 1850-ஐ ஒட்டி பாஸ்டனின் சவுத்வொர்த், ஹாஸ் இருவரின் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயில் முகத்தின் ஒரு பக்கத்தைக் கருங்கல் போலச் செதுக்கிக் காட்டுகிறது. படத்தைப் பார்த்தால் வக்கீல்கள் ஏன் நடுங்கினார்கள் என்று புரியும். ரூஃபஸ் சோட் என்ற புகழ்பெற்ற வக்கீல், மர விக்கிரகத்தைக் கும்பிடும் பக்தனைப் போலத்தான் தானும் ஷாவை வணங்குவதாகச் சொன்னாராம்: அழகில்லை என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் பெரியது என்று மனத்துக்குத் தெரியும்.

தொழிற்சங்கங்களைச் சட்டபூர்வமாக்கியவர் இவர்தான் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. பாஸ்டனில் பூட்ஸ் தைக்கும் தொழிலாளர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்தில் இல்லாதவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடம் தாங்கள் வேலை செய்வதில்லை என்பது அவர்களுடைய விதி. சங்க விதியை மீறிய ஜெரமையா ஹார்ன் அபராதம் கட்ட மறுத்தார், சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார், வேலையும் போயிற்று. அவர் புகார் செய்ய, சங்கத்தார் ஏழு பேர் மீது குற்றச்சதி வழக்கு வந்தது. 1840-ல் நகர நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. 1842-ல் ஷா அதை ரத்து செய்தார்.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. பலர் சேர்வது மட்டும் குற்றமாகாது. சேர்ந்த நோக்கம் குற்றமாக இருக்கவேண்டும், அல்லது கையாண்ட வழி குற்றமாக இருக்கவேண்டும். இதற்கு அவர் தந்த உதாரணங்கள்தான் தீர்ப்பின் அழகு. ஒரு சிற்றூரில் ஒரே ஒரு ரொட்டிக் கடைக்காரர் இருக்கிறார், கொள்ளை விலை வைக்கிறார். ஊரார் கூடிப் பேசி இன்னொருவரைக் கடை போடச் சொல்கிறார்கள். முதல் கடைக்காரருக்கு நஷ்டம்தான். அதற்காக ஊராரைச் சிறையில் போடுவார்களா? இன்னொன்று: மதுவின் தீமையை உணர்ந்த தொழிலாளர்கள், சாராயம் புழங்கும் பட்டறையில் வேலை செய்வதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்தால் அது சதியா?

அப்படியென்றால் அவர் தொழிலாளர் பக்கமா?

அவசரப்பட வேண்டாம். அதே 1842-ல் வந்த இன்னொரு தீர்ப்பையும் படிக்கவேண்டும். நிக்கோலஸ் ஃபார்வெல் பாஸ்டன் வொர்செஸ்டர் ரயில் நிறுவனத்தில் இன்ஜின் டிரைவர், நாள் கூலி 2 டாலர். 1837-ல், பாயிண்ட்டை, அதாவது ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் தண்டவாளப் பகுதியை, சரியாகத் திருப்பாமல் விட்ட இன்னொரு ஊழியரின் தவறால் அவருடைய இன்ஜின் தடம் புரண்டது. ஃபார்வெல்லின் வலது கை போயிற்று. நிறுவனத்திடம் 10,000 டாலர் கேட்டார். ஒரு காசும் கிடைக்கவில்லை.

பயணிக்கு அடிபட்டிருந்தால் நிறுவனம் பணம் கொடுத்திருக்கவேண்டும். ஊழியருக்கு வேறு கணக்கு வைத்தார் ஷா. ஆபத்தான வேலைக்குக் கூலி கூடுதல். அந்தக் கூடுதலிலேயே ஆபத்துக்கான ஈடும் அடங்கிவிட்டது. உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவும் அந்த ஆபத்துகளில் ஒன்று. ஒரே நிறுவனத்து ஊழியர்கள் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளவும் முடியும். பாயிண்ட் பார்ப்பவரும் இன்ஜின் ஓட்டுபவரும் வேறு வேறு பிரிவினர், ஒருவரை ஒருவர் எப்படிக் கண்காணிப்பது என்று ஃபார்வெல்லின் வக்கீல் கேட்டார். பிரிவுகளுக்கு இடையே கோடு கிழிக்க முடியாது என்று ஷா அதைத் தள்ளிவிட்டார். ஓடும் இன்ஜினின் மேல் நிற்பவர் தொலைவில் பாயிண்ட் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் இதுவரை விளங்கவில்லை.

இந்த விதி நாடு முழுக்கப் பரவியது. ரயில் நிறுவனங்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் எவ்வளவு மிச்சமாயிருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். மாசசூசெட்ஸில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வர 1911 ஆயிற்று.

இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதாகத் தோன்றும். ஷாவின் பார்வையில் முரணே இல்லை. சுதந்திரமான மனிதர்கள் தங்களுக்குள் பேரம் பேசுகிறார்கள், நீதிமன்றம் ஒதுங்கி நிற்கவேண்டும்: பூட்ஸ் தைப்பவருக்கும் இதே தத்துவம், கை இழந்த டிரைவருக்கும் இதே தத்துவம்.

நாய்ச் சண்டை வழக்கு என்று சொல்கிறார்களே, அது என்ன?

பிரவுன் என்பவரின் நாயும் கெண்டல் என்பவரின் நாயும் கடித்துக்கொண்டன. கெண்டல் தடியால் அடித்து அவற்றைப் பிரிக்கப் பார்த்தார். பின்வாங்கிக்கொண்டே தடியை ஓங்கியபோது பின்னால் நின்ற பிரவுனின் கண்ணில் பட்டுவிட்டது. நேராக அடி விழுந்தால் அடித்தவர் பொறுப்பு என்று அதுவரை நம்பி வந்தார்கள். 1850-ல் ஷா அதை மாற்றினார். அடித்தவர் சாதாரணமாக ஒரு மனிதர் காட்டவேண்டிய கவனத்தைக் காட்டினாரா என்பதே கேள்வி, காட்டவில்லை என்று நிரூபிப்பது வழக்குத் தொடுத்தவரின் வேலை என்றார். அமெரிக்க விபத்துச் சட்டம் பின்னர் நடந்த பாதைக்கு இது தொடக்கக் கல். நாய்களின் கதி பற்றித் தீர்ப்பில் தகவல் இல்லை.

சொத்துரிமையில் ஏதாவது?

1851-ன் ஆல்ஜர் வழக்கு. சைரஸ் ஆல்ஜர் தம் சொந்த நிலத்தில், அரசு வரைந்த துறைமுக எல்லைக்கோட்டைத் தாண்டிப் படகுத்துறை கட்டினார். நிலம் உன்னுடையதுதான், ஆனால் ஊருக்குக் கேடில்லாமல் பயன்படுத்து என்று சொல்லச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றார் ஷா. கட்டட விதி, நகர்த் திட்டம் என்று வாதாடுகிறவர்கள் பிற்காலத்தில் இதைத் தேடி வந்தார்கள்.

பேராசிரியர் வெப்ஸ்டர் கொலை வழக்கில் அவருடைய பங்கு என்ன?

1849 நவம்பர் 23 அன்று பாஸ்டனின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான டாக்டர் ஜார்ஜ் பார்க்மன் காணாமல் போனார். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டர் அவரிடம் கடன்பட்டவர். ஒரே கனிமச் சேகரிப்பை இருவரிடம் அடகு வைத்து மாட்டிக்கொண்டவர். ஒரு வாரம் கழித்து, கல்லூரியின் காவல்காரர் எஃப்ரைம் லிட்டில்ஃபீல்ட், வெப்ஸ்டரின் கழிப்பறைக்குக் கீழே இருந்த நிலவறைச் சுவரை உடைத்துப் பார்த்தார். உள்ளே மனித உடலின் துண்டுகள். உலையில் கிடைத்த பொய்ப்பற்களைத் தாம் பார்க்மனுக்குச் செய்து கொடுத்தவை என்று பல் மருத்துவர் அடையாளம் காட்டினார்.

1850 மார்ச்சில் பன்னிரண்டு நாள் விசாரணை. பத்து நிமிடத்துக்கு ஒரு கூட்டமாக மக்களை உள்ளே விட்டு வெளியே அனுப்பினார்கள். கடைசியில் ஜூரிக்கு ஷா சட்டத்தை விளக்கினார். "நியாயமான சந்தேகம்" என்ற சொற்றொடரை நம் நீதிமன்றச் செய்திகளில் தினமும் படிக்கிறோம். அதற்கு விளக்கம் சொல்வது எவ்வளவு கடினம் என்பது முயன்றவருக்குத்தான் தெரியும். ஷா சொன்னது ஏறத்தாழ இது: எல்லாச் சாட்சியத்தையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்த பின்பும், குற்றச்சாட்டு உண்மைதான் என்ற நிலைத்த நம்பிக்கை, தார்மீக நிச்சயம் என்ற அளவுக்கு வரவில்லை என்று ஜூரியின் மனம் நின்றால், அதுவே நியாயமான சந்தேகம். இந்த வாக்கியங்களைக் கலிபோர்னியா தன் தண்டனைச் சட்டத்திலேயே சேர்த்து நெடுங்காலம் வைத்திருந்தது. 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் "தார்மீக நிச்சயம்" என்ற தொடரைக் குறை சொன்னது, ஆனாலும் அதற்காகத் தண்டனையை ரத்து செய்ய மறுத்தது.

வெப்ஸ்டர் குற்றவாளி என்று ஜூரி மூன்று மணி நேரத்துக்குள் முடிவு செய்தது. ஷாவின் விளக்கம் அரசுத் தரப்பின் பக்கம் சாய்ந்தது என்று அப்போதே பலர் கொதித்தார்கள். விசாரணையில் பிழை என்று போட்ட மனுவை விசாரித்ததும் அதே ஷாவின் நீதிமன்றம்தான். தள்ளுபடி. வெப்ஸ்டர் பின்னர் கொலையை ஒப்புக்கொண்டார், ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிடப்பட்டார். ஷா ஹார்வர்ட் நிர்வாகக் குழுவின் உறுப்பினர் என்பதும் சேர்த்து நினைக்கவேண்டிய செய்தி. தன் கல்லூரிப் பேராசிரியருக்கு அவரே மரண தண்டனை வாசித்தார்.

அடிமை முறையைப் பற்றி அவருடைய சொந்த எண்ணம் என்ன?

அது தீமை என்று 1820-லேயே ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதியவர். அதைச் சட்டமாக்கும் வாய்ப்பும் 1836-ல் வந்தது. நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மேரி ஸ்லேட்டர், பாஸ்டனில் இருந்த தம் தந்தை தாமஸ் ஏவ்ஸைப் பார்க்க வந்தபோது மெட் என்ற ஆறு வயது அடிமைச் சிறுமியை உடன் அழைத்து வந்தார். பாஸ்டனின் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தார் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஷா தீர்ப்பளித்தார்: அடிமைத்தனம் இயற்கை நியாயத்துக்கு விரோதம், ஓர் இடத்துச் சட்டம் அதை அனுமதித்தால் அந்த இடத்தில் மட்டும் நிற்கும். எஜமானி தானாக மாசசூசெட்ஸுக்குக் கொண்டு வந்தபின் குழந்தை அடிமையல்ல.

வட மாநிலங்களில் இது பெரிய வெற்றி. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஷா ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். தப்பி ஓடி வந்த அடிமையின் கதை வேறு, அதற்கு அமெரிக்க அரசியலமைப்பில் தனி விதி இருக்கிறது என்று எழுதினார். அப்போது யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை.

அதே 1836 ஆகஸ்டில் நடந்த இன்னொன்று. தப்பி வந்த அடிமைகள் என்று சொல்லிக் கப்பலில் பிடித்து வைக்கப்பட்ட இரண்டு கறுப்பினப் பெண்களைப் பிடித்து வைக்கக் கப்பல் தலைவருக்கு உரிமையில்லை என்று ஷா சொல்லத் தொடங்கினார். எஜமானின் ஆள் எழுந்து, மறுபடி கைது செய்யலாமா என்ற பொருளில் ஏதோ கேட்டான். அவ்வளவுதான், நீதிமன்றத்தை நிரப்பியிருந்த மக்கள் பாய்ந்து அந்த இருவரையும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். நில்லுங்கள் என்று தலைமை நீதிபதி கத்தியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அப்படிப்பட்டவர் ஏன் தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்?

1842-ல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து தப்பி வந்த ஜார்ஜ் லாட்டிமர் பாஸ்டனில் பிடிபட்டார். ஷா தலையிட மறுத்தார். அந்த ஆண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தப்பிய அடிமையை மீட்கும் உரிமையில் மாநிலங்கள் குறுக்கே வரக்கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஊர் கொந்தளித்தது. 400 டாலர் கொடுத்து லாட்டிமரை விடுவித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு சட்டமன்றத்துக்குப் போயிற்று. 1843-ல் மாநில அதிகாரிகள் அடிமை பிடிக்க உதவக்கூடாது, மாநிலச் சிறையைத் தரக்கூடாது என்று சட்டம் வந்தது.

1850-ல் தப்பிய அடிமைகளைப் பிடிக்க மத்திய அரசு இன்னும் கடுமையான சட்டம் போட்டது. அடுத்த ஏப்ரலில் ஜார்ஜியாவிலிருந்து தப்பி வந்த கொத்தனார் தாமஸ் சிம்ஸ் பாஸ்டனில் பிடிபட்டார். மீட்கக் கூட்டம் வரும் என்று அஞ்சி நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினார்கள். உள்ளே போக நீதிபதிகளும் அந்தச் சங்கிலிக்கு அடியில் குனிந்து நுழையவேண்டியிருந்தது. ஷாவும் குனிந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அந்தக் காட்சியை அவருக்குக் கடைசிவரை மறக்க விடவில்லை.

உள்ளே அவர் அளித்த தீர்ப்பு: புதிய சட்டம் செல்லும். தப்பிய அடிமையைத் திருப்பித் தரும் விதி இல்லாமல் தென் மாநிலங்கள் ஒன்றியத்தில் சேர்ந்தே இருக்காது. அந்த உடன்பாட்டைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை. விடியும் முன் ஆயுதக் காவலோடு சிம்ஸைக் கப்பலேற்றினார்கள். சவானா போய்ச் சேர்ந்ததும் ஊரறிய 39 சவுக்கடி.

சாரா ராபர்ட்ஸ் வழக்கு?

ஐந்து வயதுச் சாரா, கறுப்பினக் குழந்தைகளுக்கான ஸ்மித் பள்ளிக்குப் போகும் வழியில் வெள்ளைக் குழந்தைகளின் ஐந்து பள்ளிகளைக் கடந்து நடக்கவேண்டும். தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் அச்சுத் தொழில் செய்தவர், நகரத்தின் மீது வழக்குப் போட்டார். வாதாடியவர்கள் சார்ல்ஸ் சம்னரும், நாட்டின் முதல் கறுப்பின வக்கீல்களில் ஒருவரான ராபர்ட் மோரிஸும். சட்டத்தின் முன் எல்லோரும் சமம், பிரித்து வைப்பதே இழிவு என்றார் சம்னர்.

சமம் என்ற கோட்பாட்டை 1850-ல் ஷாவும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது பள்ளிக் குழுவின் பொறுப்பு, அவர்கள் நியாயமாக யோசித்துத்தான் பிரித்திருக்கிறார்கள் என்று நிறுத்திக்கொண்டார். பிரிவினை காழ்ப்பை வளர்க்கும் என்ற வாதத்துக்கு அவர் தந்த பதில்: "இந்தக் காழ்ப்பு இருக்குமானால், அதைச் சட்டம் உண்டாக்கவில்லை, சட்டத்தால் மாற்றவும் முடியாது போலும்." 1855-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் பள்ளியில் இனப் பிரிவினையைத் தடை செய்தது. தீர்ப்பு அத்துடன் ஒழிந்திருக்கலாம், ஒழியவில்லை. 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப்பெட்டி சரி என்றபோது இதைத் துணைக்கு எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டம் கவிழ 1954 வரை ஆயிற்று.

அவருக்கு வேறு வழி இருந்ததா?

சிம்ஸ் வழக்கில் மத்தியச் சட்டம் எதிரே நின்றது, அவர் மாறித் தீர்ப்பளித்திருந்தாலும் சிம்ஸைப் பிடித்து வைத்திருந்த மத்திய அதிகாரி விட்டிருப்பாரா என்பது சந்தேகம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாரா ராபர்ட்ஸ் வழக்கில் அவர் கையை யாரும் கட்டவில்லை. குழந்தைகளை நிறம் பார்த்துப் பிரி என்று எந்த மாநிலச் சட்டமும் சொல்லவில்லை, பள்ளிக் குழுவின் முடிவு மட்டுமே இருந்தது. ரயிலுக்கும் ஆலைக்கும் புதுச் சட்டம் உண்டாக்கத் தயங்காத கை, ஐந்து வயதுக் குழந்தைக்கு வந்தபோது குழுவின் விருப்பம் என்று மடங்கிக்கொண்டது. ஷாவின் ரசிகர்கள் அவருடைய நேர்மையைச் சொல்லிக் காப்பார்கள். நேர்மையில் எனக்கும் ஐயமில்லை. கை எங்கே தாராளம், எங்கே இறுக்கம் என்று பார்த்தால் கணக்கு அவருக்குச் சாதகமாக வரவில்லை.

எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் இவருக்கு என்ன உறவு?

மருமகன். உறவு இன்னும் பழையது. ஷா இளமையில் மெல்விலின் அத்தை நான்சிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார், திருமணத்துக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். 1846-ல் மெல்வில் தம் முதல் நாவலை ஷாவுக்குக் காணிக்கையாக்கினார். 1847-ல் ஷாவின் மகள் எலிசபெத்தை மணந்தார். புத்தகங்கள் விற்காத காலங்களில் மாமனார்தான் குடும்பத்தைத் தாங்கினார். பிட்ஸ்ஃபீல்டில் பண்ணை வாங்கவும் பணம் கொடுத்தார். மெல்வில் இறந்தபின் வெளியான ஒரு கதையில், மனத்தால் குற்றமற்றவன் என்று தெரிந்தும் சட்டம் சொல்கிறது என்று ஒரு மாலுமியைத் தூக்கிலிட வைக்கிறார் கப்பல் தலைவர். அங்கே மாமனாரின் நிழலைக் காணும் ஆய்வாளர்கள் உண்டு.

எப்போது ஓய்வு பெற்றார்?

1860 ஆகஸ்டில், 79 வயதில். அந்த டிசம்பரில் தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கியபோது, அடிமை பிடிப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களை மாசசூசெட்ஸ் நீக்கவேண்டும் என்ற பகிரங்க வேண்டுகோளில் கையெழுத்திட்டார். 1861 மார்ச் 30 அன்று இறந்தார். பதின்மூன்றாம் நாள் சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்தது, வட, தென் மாநிலங்களின் உள்நாட்டுப் போர் தொடங்கியது.

சிம்ஸ் என்ன ஆனார்?

பலமுறை கேட்கப்படுவதால் இதையும் சேர்க்கிறேன். அவர் மிசிசிப்பியில் விற்கப்பட்டார். 1863-ல் விக்ஸ்பர்க் முற்றுகையின்போது தப்பி வடவர் படையிடம் போய்ச் சேர்ந்து, பாஸ்டன் திரும்பினார். 1851-ல் மத்திய மார்ஷலாக இருந்து அவரைக் கைது செய்து கப்பலேற்றும் பொறுப்பை வகித்த சார்ல்ஸ் டெவன்ஸ், பின்னாளில் ஷா அமர்ந்த அதே நீதிமன்றத்தில் நீதிபதியாகி, 1877-ல் நாட்டின் அட்டர்னி ஜெனரலானார். அவர் தம் நீதித்துறை அலுவலகத்தில் சிம்ஸுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்.